வக்கீலாக இருந்தவர் தலைவரானால்: நம்ம ஊராட்சியின் ஐந்து வருடம் பற்றிப் பேசுவோம்

கொண்டல் எழுதியது:

நம்ம ஊராட்சியின் முன்னாள் தலைவர் மறுபடியும் நிற்கப்போகிறார் என்ற பேச்சு கடைத்தெருவில் பலமாகவே இருக்கிறது. 2025 ஜனவரி 5-ஓடு பதவிக்காலம் முடிந்து ஊராட்சி தனி அலுவலர் கைக்குப் போனதிலிருந்து, குடிநீருக்கும் தெருவிளக்குக்கும் யாரைப் போய்க் கேட்பது என்றே தெரியவில்லை. அதனால் "யார் வந்தாலும் சரி, ஆள் ஒருத்தர் இருந்தால் போதும்" என்று ஊரில் பேச ஆரம்பித்துவிட்டார்கள். எனக்கு அந்தப் பேச்சுதான் பயமாக இருக்கிறது. அவர் ஓட்டுக் கேட்டு வருவதற்கு முன்பே அவருடைய நல்லது கெட்டது முழுவதையும் பேசிவிட வேண்டும். பெயர், ஊர், சாதி, கட்சி எதுவும் இங்கே வேண்டாம். தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை உள்ள கரையில் ஓர் ஊர், அவ்வளவுதான்.

எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். மீன்பிடிக் குடும்பம். மதுரையில் சட்டம் படித்துவிட்டு ராமநாதபுரத்தில் ஒரு சீனியரிடம் சேர்ந்தார். நம்மவர் பெயர் கரையில் பரவியது கடல் அட்டை (கடலடியில் கிடக்கும் ஓர் உயிரினம்) வழக்குகளால்தான். 2001-ல் மத்திய அரசு கடல் அட்டையை வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தது. புலி, யானை இருக்கிற அட்டவணை அது. வேட்டையாடினால் குறைந்தது 3 ஆண்டு, கூடினால் 7 ஆண்டு சிறை. தாத்தா காலத்திலிருந்து முங்கி எடுத்து, அவித்து, காயவைத்து வியாபாரியிடம் கொடுத்துக் கஞ்சி குடித்த சனத்துக்கு இது ஒரே இரவில் குற்றமாகிவிட்டது. அரசிதழில் வந்த செய்தி குடிசைக்கு வந்து சேரவில்லை. வலையில் தானாக ஏறிய அட்டையைக் கூடையில் வைத்திருந்தவனும், மூட்டை மூட்டையாகக் கடத்தியவனும் ஒரே பிரிவில் மாட்டினார்கள். கடத்தியவனுக்குச் சென்னையிலிருந்து வக்கீல் வந்தார். கூடைக்காரனுக்கு நம்மவர்தான் வந்தார். மீன்பாடு இல்லாத மாதத்தில் பீஸ் கேட்டதில்லை என்பதை எங்கள் தெருவில் யாரும் சொல்வார்கள்.

அப்புறம் படகு வழக்குகள். இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போனால் வழக்கு நடப்பது மன்னாரிலோ ஊர்காவற்துறையிலோ. அங்கே வாதாடுவது அந்த நாட்டு வக்கீல். ஆனால் படகை மீட்க உரிமையாளர் அங்கே ஆஜராக வேண்டும், படகின் பதிவுச் சான்று வேண்டும். தாளில் ஒரு பெயர், ஓட்டுகிறவர் வேறு ஒருவர் என்றால் அங்கேயே காரியம் கெட்டுவிடும். 2018-ல் இலங்கை தன் வெளிநாட்டுப் படகுச் சட்டத்தைத் திருத்தி அபராதத்தைக் கோடிக்கணக்கில் ஏற்றிய பிறகு, ஒரு தாள் குறைந்தாலும் படகு போனது போனதுதான். இந்தத் தாள் வேலையை ராத்திரி பகலாக உட்கார்ந்து செய்தவர் இவர். அந்தப் பழக்கத்தில் விழுந்த ஓட்டுதான் 2019 டிசம்பரில் அவரைத் தலைவராக்கியது. சின்னம் பார்த்து விழவில்லை.

என் கருத்தை முதலிலேயே சொல்கிறேன். வக்கீலாக முழுசாகக் கிடைத்த மனிதர் தலைவரானதும் பாதியாகத்தான் கிடைத்தார். அந்தப் பாதி எங்கே போனது என்று பார்க்க வேண்டும்.

பாசிக்கரை எழுதியது:

எங்கே போனது என்று நான் சொல்கிறேன் அண்ணே. எங்கள் வீட்டு வழக்கு அவரிடம்தான் இருந்தது. கடல்பாசி எடுக்கத் தீவுப் பக்கம் போன பெண்கள் மேல் போட்ட வழக்கு. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986-லிருந்து தேசியப் பூங்கா. அம்மாவுக்கு அது தெரியாமல் இல்லை, பசி அதைவிடப் பெரிசாக இருந்தது. அவர் ஜெயித்ததும் ஃபைலை ஜூனியர் தம்பியிடம் கொடுத்துவிட்டார். தம்பி நல்ல பிள்ளைதான், ஆனால் இரண்டு வாய்தாவுக்கு வரவில்லை. எங்களுக்கும் தேதி தெரியவில்லை. பிடிவாரண்டு வந்துவிட்டது. அறுபது வயதில் அம்மா கோர்ட்டு வாசலில் நின்று வாரண்டை ரத்து செய்ய வேண்டியதாகிவிட்டது.

ஊருக்கு ரோடு போட்டார், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் எனக்கு ஓட்டுப் போடச் சொன்னவர் என் அம்மாவுக்குத் தேதி சொல்லியிருக்க வேண்டுமா இல்லையா?

ஜூனியர்_ராம்நாடு எழுதியது:

அக்கா, நீங்கள் சொன்ன தம்பி நான் இல்லை. ஆனாலும் அதே கோர்ட்டு வளாகத்தில் நிற்கிறவன் என்பதால் அது சரியில்லை என்று சொல்லிவிடுகிறேன். ஃபைலைக் கைமாற்றினால் கட்சிக்காரரை, அதாவது வழக்கு யாருடையதோ அவரைக் கூப்பிட்டு, புது வக்காலத்தில் கையெழுத்து வாங்கி, அடுத்த தேதியை எழுதிக் கொடுக்க வேண்டும்.

இதில் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது. அவர் தொழிலை விட்டிருக்கவே வேண்டியதில்லை. முழுநேரச் சம்பளம் வாங்குகிறவர் வக்கீல் தொழில் செய்யக்கூடாது என்பது வக்கீல்களுக்கான அமைப்பான பார் கவுன்சிலின் விதி. எம்.பி., எம்.எல்.ஏ.க்களுக்கும் அது பொருந்தும் என்று ஒருவர் உச்ச நீதிமன்றம் போனார். பொருந்தாது, அவர்கள் முழுநேரச் சம்பள ஊழியர்கள் இல்லை என்று 2018 செப்டம்பர் 25-ல் தீர்ப்பு வந்தது. எம்.பி.யே கோட்டு போட்டு வாதாடலாம் என்கிறபோது, மாதாமாதம் மதிப்பூதியம் என்ற பெயரில் எதையோ வாங்கும் ஊராட்சித் தலைவருக்கு என்ன தடை?

அவர் தானாக விட்டார். ஏன் என்று எங்கள் வக்கீல்கள் அறையில் பேசியதைச் சொல்கிறேன். தலைவராகிவிட்டால் காலையில் தாசில்தாரிடம் பட்டாவுக்கு நிற்க வேண்டும், மத்தியானம் மீன்வளத்துறையில் கடலுக்குப் போகும் டோக்கன் பிரச்சினைக்கு நிற்க வேண்டும், வனத்துறையில் யாரையாவது விடச் சொல்லிக் கேட்க வேண்டும். மறுநாள் அதே அதிகாரியைக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்வது எப்படி? கேட்டு வாங்குகிற இடத்தில் நின்றுகொண்டு சண்டை போட முடியாது. கொண்டல் அண்ணன் கேட்ட அந்தப் பாதி இங்கேதான் போனது என்று நினைக்கிறேன்.

கீழக்கரை_காக்கா எழுதியது:

நான் துபாயிலிருந்து எழுதுகிறேன். எங்கள் மச்சான் வீடு அந்த ஊராட்சியில்தான்.

நீங்கள் எல்லாரும் அவருக்குக் கிடைத்த ஐந்து வருடம் எப்படிப்பட்டது என்பதை மறந்துவிட்டுப் பேசுகிறீர்கள். 2016 அக்டோபரிலிருந்து மூன்று வருடத்துக்கு மேல் தேர்தலே இல்லாமல், கணக்கும் இல்லாமல் கிடந்த ஊராட்சியை 2020 ஜனவரியில் கையில் வாங்கினார். மார்ச்சில் ஊரடங்கு. அந்த வருடம் அக்டோபர் 2 கிராம சபையையே அரசு ரத்து செய்தது. சபை கூடாத தலைவர் என்ன தீர்மானம் போடுவார்?

அந்தக் காலத்தில் ஈரானில் மீன்பிடி ஒப்பந்தத்தில் போன நம்ம பையன்கள் மாட்டிக்கொண்டது நினைவிருக்கிறதா? சம்பளம் இல்லை, தண்ணீர்கூட அளந்துதான். ஒவ்வொரு பையனின் பாஸ்போர்ட் எண், படகுப் பெயர், முதலாளி பெயர் எல்லாம் சேர்த்துப் பட்டியல் போட்டு, ஆட்சியருக்கும் வெளியுறவுத் துறைக்கும் தெஹ்ரான் தூதரகத்துக்கும் மனு அனுப்பியது இவர். 2020 ஜூலை 1-ல் ஐ.என்.எஸ். ஜலாஷ்வா தூத்துக்குடிக்கு வந்தபோது அதில் எங்கள் மச்சான் பிள்ளையும் இருந்தான். கப்பலை இவர் அனுப்பவில்லை, தெரியும். ஆனால் பட்டியலில் பெயர் இருக்க வேண்டுமே. ஒரு வக்கீல் எழுதிய மனுவுக்கும் நாம் எழுதும் மனுவுக்கும் உள்ள வித்தியாசத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

இன்னொன்று. ஊராட்சிச் செலவுக்குத் தலைவர் கையெழுத்து மட்டும் போதாது, துணைத் தலைவரும் போட வேண்டும். அவருக்கு வாய்த்த துணைத் தலைவர் எத்தனை மாதம் கையெழுத்தை நிறுத்தி வைத்தார் என்று உள்ளூர்க்காரர்கள் யாராவது எழுதுங்கள்.

உப்பாறு எழுதியது:

காக்கா, ஈரான் விஷயத்தில் நீங்கள் சொல்வது அத்தனையும் சரி. துணைத் தலைவர் விஷயமும் சரி. ஆனால் யாரும் தொடாத ஒன்று இருக்கிறது, அதை நான் எழுதித்தான் ஆக வேண்டும். இறால் பண்ணை.

எங்கள் நிலம் ஓடையை ஒட்டி இருக்கிறது. மழைக்கு நெல், மற்றபடி மிளகாய். பண்ணை வந்து நாலைந்து வருடத்தில் கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்க முடியாமல் போனது. நாங்கள் புகார் கொடுத்து, பண்ணையை மூடச் சொல்லி நோட்டீஸும் வந்தது. அந்த நோட்டீஸை எதிர்த்து உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் பண்ணைக்காரருக்காக ஆஜரானது யார்? நம்மவர்தான். தலைவர் ஆவதற்கு முன்னால். நோட்டீஸ் கொடுத்ததில் நடைமுறைத் தவறு என்று சொல்லி உத்தரவு வாங்கினார். சட்டப்படி அந்த வாதம் சரியாகவே இருக்கலாம். எங்கள் கிணறு உப்பாகவே இருக்கிறது.

இந்த விஷயத்தின் பழைய கதை தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். காந்தியவாதி ஜெகந்நாதன் ஐயா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 11-ல் கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் உள்ள இறால் பண்ணைகளை அகற்றச் சொன்னது. கரையோர விவசாயிகளுக்கு அதைப்போல ஒரு தீர்ப்பு அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. ஆனால் 2005-ல் நாடாளுமன்றம் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டத்தைக் கொண்டுவந்தது. புதுப் பண்ணை உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் கூடாது, ஏற்கெனவே இருப்பவை பதிவு செய்துகொண்டு நடக்கலாம் என்றாகிவிட்டது. வென்ற வழக்கு தாளில் மட்டும் மிஞ்சியது. இது தெரிந்த வக்கீல் ஒருவர் தலைவராக வருகிறார் என்றபோது எனக்கு எவ்வளவு நம்பிக்கை இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

கிராம சபையில் நாங்கள் பண்ணைக்கு எதிராகத் தீர்மானம் கொண்டுவந்தோம். அவர் தலைமை நாற்காலியிலிருந்து எழுந்து, துணைத் தலைவரை உட்காரச் சொல்லிவிட்டு, கூட்டத்தோடு கூட்டமாகப் போய் உட்கார்ந்தார். எதிர்க்கவில்லை, ஆதரிக்கவும் இல்லை. ஏன் எழுந்தார் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. தீர்மானம் நிறைவேறியது, ஆட்சியருக்குப் போனது. அதன் பின்னால் நினைவூட்டல் மனு இல்லை, ஆய்வு கேட்டுக் கடிதம் இல்லை, எதுவும் இல்லை. ஈரானுக்கு மனு எழுதிய அந்தக் கை எங்களுக்கு எழுதவில்லை.

ஜூனியர்_ராம்நாடு எழுதியது:

உப்பாறு அண்ணே, இது கஷ்டமான இடம். அவருக்காகச் சொல்ல வேண்டியதையும் சொல்கிறேன், உங்களுக்காகச் சொல்ல வேண்டியதையும் சொல்கிறேன்.

வக்கீல் யாருக்காகவும் ஆஜராகலாம். கடல் அட்டை வழக்கில் கூடைக்காரனுக்கு ஆள் கிடைத்ததும் அதே தர்மத்தால்தான். கட்சிக்காரர் தன்னிடம் சொன்னதை வக்கீல் வெளியே சொல்லக்கூடாது. பழைய சாட்சியச் சட்டத்தில் 126-ஆவது பிரிவு, 2024 ஜூலையில் வந்த புதுச் சட்டத்தில் 132. வழக்கு முடிந்தாலும், தொழிலை விட்டாலும் அந்தக் கடமை போகாது. அதனால் அவர் எழுந்து போய்க் கீழே உட்கார்ந்தது தப்பில்லை. அங்கேயே உட்கார்ந்து தீர்மானத்தைத் தள்ளிப்போடுகிற தலைவர்களைத்தான் நாம் அதிகம் பார்த்திருக்கிறோம்.

ஆனால் கட்சிக்காரர் என்ன சொன்னார் என்பதுதான் ரகசியம். யாருக்காக ஆஜரானார் என்பது ரகசியமே இல்லை. திறந்த நீதிமன்றத்தில் பெயர் சொல்லித்தானே ஆஜராகிறோம். உத்தரவில் வக்கீல் பெயர் அச்சாகிறது. வழக்கு எண் தெரிந்தால் கைப்பேசியிலேயே பார்க்கலாம். "இந்தப் பண்ணைக்காக நான் ஆஜராகியிருக்கிறேன், ஆகவே இந்தப் பொருளில் தலைமை வகிக்க மாட்டேன்" என்று சபையில் சொல்லி, அதை நடவடிக்கைப் புத்தகத்தில் எழுதச் செய்திருந்தால் எந்தச் சட்டமும் அவரைத் தடுத்திருக்காது. உங்களுக்கும் இந்த மனக்கசப்பு வந்திருக்காது.

பழைய_தலையாரி எழுதியது:

தம்பிகள் பேசுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். வயதில் மூத்தவன் என்பதால் கொஞ்சம் பின்னால் போகிறேன்.

இந்தச் சீமையில் பிறந்து வக்கீலாகி அரசியலுக்குப் போனவர்களில் பெரிய பெயர் எஸ். சீனிவாச ஐயங்கார். 1874-ல் பிறந்தவர். 1898-ல் சென்னையில் தொழில் தொடங்கி, 1916-ல் சென்னை மாகாணத்தின் அட்வகேட் ஜெனரல், அதாவது அரசின் தலைமை வக்கீல் ஆனார். இந்து சட்டத்தில் மெய்ன் எழுதிய நூலைத் திருத்திப் பதிப்பித்ததும் அவர்தான். அந்தச் சட்டத்தைப் படிக்கிற யாரும் ராமநாதபுரம் சமஸ்தானத்துத் தத்து வழக்கைப் படிக்காமல் தாண்ட முடியாது. 1868-ல் லண்டனில் இருந்த மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் வரை போன வழக்கு அது. 1920-ல் ஐயங்கார் அரசு வக்கீல் பதவியை விட்டார். 1926-ல் கவுகாத்தி காங்கிரசுக்குத் தலைமை வகித்தார். அதே வருடம் மாகாணத் தேர்தலில் அவருடைய சுயராஜ்யக் கட்சி அதிக இடம் பிடித்தும் மந்திரிசபை அமைக்க மறுத்துவிட்டது.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், சர்க்காருக்காக வாதாடிக்கொண்டே சர்க்காரை எதிர்க்க முடியாது என்று அந்த மனிதருக்குத் தெரிந்திருந்தது. எல்லோருக்கும் தெரியும்படி ராஜினாமா எழுதினார். நேற்றுவரை யாருக்கு வக்கீல், இன்று முதல் யாருக்கு வக்கீல் என்று யாரும் கேட்க வேண்டிய நிலை இல்லை. நம்ம ஊர்க்காரர் நல்லவர்தான். ஆனால் தொழிலைச் சத்தமில்லாமல் விட்டார். எதை விட்டார், எதை வைத்துக்கொண்டார் என்று ஊருக்குச் சொல்லவில்லை. உப்பாறு தம்பியின் வருத்தமும், பாசிக்கரைப் பாப்பாவின் வருத்தமும் அங்கேதான் வருகின்றன.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1985-ல் மாவட்டம் மூன்றாகப் பிரிகிற வரை நம்ம ஆட்சியர் அலுவலகமே மதுரையில்தான் இருந்தது. 2004 ஜூலையில் மதுரைக் கிளை திறக்கிற வரை அரசை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் போடும் ரிட் மனுவுக்குச் சென்னைதான். ஒரு தாளுக்காகக் கரைச் சனம் பட்ட பாட்டைக் கண்ணால் பார்த்தவன் நான். கரையிலேயே ஒரு வக்கீல் உட்கார்ந்தது சாதாரண விஷயம் இல்லை. கோபத்தில் அதை மறந்துவிடாதீர்கள்.

கச்சான் எழுதியது:

நாட்டுப்படகுக்காரன் பேசுகிறேன். கரையை ஒட்டிய கடல் எங்களுக்கு என்று 1983-ல் வந்த மீன்பிடிச் சட்டம் சொல்கிறது. விசைப்படகு உள்ளே வந்து வலையை அறுத்துக்கொண்டு போனால் வக்கீலாக இருந்தபோது புகார் எழுதிக் கொடுத்தார். தலைவரானதும், இரண்டு பக்கமும் நம்ம ஓட்டுதானே, பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்றார். அறுந்த வலையின் விலையை யார் கொடுப்பது? மறுபடி நின்றால் இந்தக் கேள்வியைத்தான் கேட்பேன்.

கீழக்கரை_காக்கா எழுதியது:

கச்சான் தம்பி, அவர் விசைப்படகுக்காரர்கள் பக்கம் சாய்ந்திருந்தால் உங்கள் கோபம் சரி. இரண்டு தரப்பையும் ஒரே கொட்டகையில் உட்கார வைத்தாரே, அதற்கு முன்னால் அப்படி யார் செய்தார்கள்?

கச்சான் எழுதியது:

உட்கார வைத்தார், மறுக்கவில்லை. எழுதி வாங்கவில்லை. எழுதி வாங்கத் தெரிந்த மனிதர் எழுதி வாங்கவில்லை என்பதுதான் எங்கள் வருத்தம் காக்கா.

கொண்டல் எழுதியது:

எல்லாவற்றையும் இரண்டு முறை படித்துவிட்டேன். அவர் கெட்டவர் என்று இங்கே ஒருவரும் சொல்லவில்லை. பணம் வாங்கினார் என்றும் ஒருவரும் சொல்லவில்லை. ஐந்து வருடம் பதவியில் இருந்தவரைப் பற்றி இந்தக் காலத்தில் அப்படி ஓர் உரையாடல் ஓடுவதே அபூர்வம். அதை அவருடைய கணக்கில் மனதார வரவு வைக்கிறேன்.

ஆனால் என் எண்ணம் இப்போது இன்னும் உறுதியாகிவிட்டது. தொழிலில் இருந்து வருகிற ஒருவரிடம் சொத்துக் கணக்கு, வழக்குக் கணக்கு, படிப்பு எல்லாம் வேட்புமனுவோடு உறுதிமொழியாக வாங்குகிறோம். யாருக்காக ஆஜரானீர்கள் என்று கேட்க அதில் இடமே இல்லை. சட்டம் கேட்காவிட்டால் நாம் கேட்க வேண்டும். ஊராட்சியிடம் அனுமதி, தீர்மானம், குத்தகை என்று வந்து நிற்கக்கூடிய பண்ணை, ஐஸ் கம்பெனி, மனை வியாபாரி, படகு முதலாளி, இவர்களில் யார் யாருக்கு அவர் வக்கீலாக இருந்தார்? அவர்கள் விஷயம் சபைக்கு வரும்போது என்ன செய்வார்? தன் கையில் இருந்த வழக்குகள் இப்போது யாரிடம் இருக்கின்றன, அடுத்த தேதி என்ன என்று ஒவ்வொரு வீட்டுக்கும் சொல்லிவிட்டாரா? ஓட்டுக்கு முன்னால் இதற்குப் பதில் வேண்டும்.

இது அவருக்கு எதிரான கேள்வி இல்லை. நாளைக்கு வருகிற பிரச்சினைகள் சின்னதாக இருக்கப் போவதில்லை. 2025-ல் நம்ம மாவட்டத்தில் ஹைட்ரோகார்பன் சோதனைக் கிணறுகளுக்கு அனுமதி என்று செய்தி வந்ததும் மாநில அரசு திரும்பப் பெறச் சொன்னது. காவிரி டெல்டாவைக் காப்பாற்ற 2020-ல் வந்த வேளாண் மண்டலச் சட்டத்தில் நம்ம மாவட்டம் இல்லை. அந்த மாதிரி நேரத்தில் கிராம சபைத் தீர்மானத்தை நீதிமன்றத்தில் நிற்கும்படி எழுதத் தெரிந்த தலைவர் நமக்குத் தேவை. அவருக்கு அது தெரியும். ஆகவே அவர் நிற்கட்டும் என்றுதான் நான் சொல்வேன். முழுசாக நிற்கட்டும்.

உப்பாறு எழுதியது:

எனக்கு அந்தப் பண்ணைத் தீர்மானத்தின் நகல் வேண்டும். ஆட்சியருக்கு எந்தத் தேதியில் போனது, என்ன பதில் வந்தது என்று தெரிந்துவிட்டால், அவர் மேல் உள்ள என் வருத்தம் நியாயமா இல்லையா என்று எனக்கே தெரிந்துவிடும். எப்படி வாங்குவது?

ஜூனியர்_ராம்நாடு எழுதியது:

தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள் அண்ணே. ஊராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒன்று, ஆட்சியர் அலுவலகத்துக்கு ஒன்று. ஒவ்வொன்றிலும் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்ட வேண்டும். "ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை" என்று கேட்காதீர்கள், பதில் வராது. "இன்ன தேதி கிராம சபை நடவடிக்கைப் புத்தகத்தின் நகல், அதை அனுப்பிய கடிதத்தின் நகல், அதன் மேல் எழுதப்பட்ட குறிப்புகளின் நகல்" என்று கேளுங்கள். 30 நாளில் தர வேண்டும், தராவிட்டால் மேல்முறையீடு இருக்கிறது. பதிவுத் தபால் ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். மனு எழுதியதும் எனக்குத் தனிச் செய்தியில் அனுப்புங்கள், பார்த்துத் தருகிறேன். பாசிக்கரை அக்கா, அம்மா வழக்கின் எண்ணையும் அனுப்புங்கள். அடுத்த வாய்தா தேதியை இன்றைக்கே பார்த்துச் சொல்கிறேன்.

பாசிக்கரை எழுதியது:

அனுப்பிவிட்டேன் தம்பி. வருடம் சரியாக நினைவில்லை, வாரண்டு நகலில் இருப்பதைப் படம் எடுத்துப் போட்டிருக்கிறேன்.